கைப்பிள்ளையோடு தனியாகத் தூர தேசத்துக்கு விமானம் ஏறுகிறவர்களுக்கு: கடையில் நின்று கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு நிமிட நடையில் எனக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, லெமினேட், ரீலோட், ஒன்லைன் படிவம் நிரப்புவது, இவ்வளவுதான் தொழில். ஆனால் மகனைத் தூக்கிக்கொண்டு தனியாக இரண்டு தடவை கடல் தாண்டிப் போய்வந்தவள் என்று எப்படியோ ஊருக்கே தெரிந்துவிட்டது. முதல் தடவை அவனுக்கு 19 மாதம். கொழும்பிலிருந்து நேரே லண்டன், அங்கே வேலை செய்துகொண்டிருந்த அவன் அப்பாவைப் பார்க்க. இரண்டாவது தடவை இரண்டே முக்கால் வயது. டோஹாவில் விமானம் மாறி டொரொண்டோ, என் அக்கா வீட்டுக்கு.

அதிலிருந்து பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலைப் பக்கமிருந்து வரும் பெண்கள் கொப்பி எடுத்துக் காசு கொடுத்த பிறகும் போகாமல் நிற்பார்கள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் முறைப்பதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ரெண்டு வயசுக்குக் கீழன்னா டிக்கெட்டே வேணாமாம்ல? மடியில வச்சிக்கிட்டுப் போயிரலாம்னாங்க.

சீட்டுத்தான் வேண்டாம், டிக்கெட் வேண்டும். இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு மடியில் வைத்துப் போகும் டிக்கெட் பெரும்பாலான விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம், அதற்கு மேல் வரிகள். இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனிச் சீட்டு கட்டாயம். அதற்குப் பல விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் முக்கால் பங்கு அளவுக்கு வரும்.

வயதைக் கணக்குப் பார்ப்பது டிக்கெட் வாங்கும் நாளில் அல்ல, பறக்கும் நாளில். போகும்போது 22 மாதம், மூன்று மாதம் தங்கித் திரும்பும்போது 25 மாதம் என்றால், வரும் வழிக்குச் சீட்டு வாங்கியே ஆக வேண்டும். முகவரிடம் டிக்கெட் போடும்போதே பிறந்த தேதியைச் சொல்லி இதைக் கேளுங்கள். கடைசி நாளில் கவுண்டரில் தெரியவந்தால் அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

எம்புள்ளைக்கு ஒண்ணேமுக்கா வயசு. மடியில வைக்கிறதா, காசக் கட்டி சீட்டு வாங்குறதா?

காசு இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். லண்டனுக்கு 11 மணி நேரம் 11 கிலோ பிள்ளையை நான் மடியில்தான் வைத்துப் போனேன். கால் மரத்துப்போனது, வேறொன்றும் ஆகவில்லை.

மடியில் வைப்பதானால் தொட்டில் மாட்டும் இடத்தைக் கேளுங்கள். முன்னால் சுவர் இருக்கும் வரிசையில் அந்தச் சுவரில் சின்னத் தொட்டில் மாட்டித் தருவார்கள். எண்ணிக்கை குறைவு, அதனால் டிக்கெட் போட்டவுடனே விமான நிறுவனத்துக்குப் போன் எடுத்துச் சொல்லிவைக்க வேண்டும். எடைக் கட்டுப்பாடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல இடங்களில் 10, 11 கிலோ, சிலவற்றில் 14. ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்குக் கால் வெளியே தொங்கும். விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையையும் தூக்கி மடியில் கட்டச் சொல்வார்கள். அப்படியிருந்தும் அந்த வரிசை நல்லது, ஏனென்றால் காலடியில் பிள்ளை நிற்க இடம் கிடைக்கும்.

மடிப்பிள்ளைக்கு உங்கள் பெல்ட்டோடு கோர்க்கும் குட்டி பெல்ட் ஒன்று தருவார்கள். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். திடீரென்று விமானம் உலுக்கினால் உங்கள் உடம்புப் பாரம் முழுவதும் பிள்ளைமேல் விழும்.

என் பாஸ்போட்லயே புள்ள பேரப் போட்டுக்க ஏலாதா? எங்க சித்தி அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க.

அது பழைய காலம். இப்போது பிறந்த குழந்தைக்கும் தனிப் புத்தகம். பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ் என்றால் கைரேகை கிடையாது, ஆனால் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய கடிதத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தே விசா நேர்காணல் தேதியைத் தவறவிட்டவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். என்னிடம் வந்து எடுக்கச் சொல்லாதீர்கள். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்னால் பிடிக்கும் உங்கள் கை தெரியக் கூடாது. பிள்ளை தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு கொண்டுபோங்கள். என் மகனுக்கு 17 தடவை கிளிக் பண்ணினார்கள். கடைசியில் ஸ்டூடியோக்காரர் நாய் மாதிரிக் குரைத்தபோதுதான் நேரே பார்த்தான்.

பெறப்புச் சான்றிதழ் சிங்களத்துல இருக்கு. அதுல என் பேரு ஒரு மாதிரி, ஐடில ஒரு மாதிரி, பாஸ்போட்ல ஒரு மாதிரி. பரவாயில்லையா?

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். பதிவு செய்தவர் காதில் விழுந்ததை அவர் பாஷையில் எழுதினார், அதை இன்னொருவர் இங்கிலீஷில் எழுதினார், ஐடிக்கு வேறொருவர் எழுதினார். லெட்சுமி என்பவர் ஓரிடத்தில் லட்சுமி, ஓரிடத்தில் லெச்சுமி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், அது முதல் விஷயம். முகவருக்குப் பெயரை வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போட்டின் படத்தை அனுப்புங்கள். இரண்டாவது, சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இங்கிலீஷில் பெயர்த்து வாங்கும்போது, தாயின் பெயரை உங்கள் பாஸ்போட்டையும் காட்டி எழுதச் சொல்லுங்கள். ஒலி ஒன்றாக இருந்து எழுத்து மட்டும் மாறுவது இந்தக் கட்டத்திலேயே சரியாகும். பெயரே வேறாக இருந்தால் (சான்றிதழில் வீட்டுப் பெயர், ஐடியில் பள்ளிக்கூடப் பெயர்) இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள், அல்லது பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் செய்யுங்கள். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். டிக்கெட் வாங்குவதற்கு முதல் பார்க்க வேண்டிய வேலை இது.

வீட்டுக்காரரே அங்கதான் இருக்காரு, அவருகிட்டதான் போறோம். அதுக்கும் அவரு கடிதம் தரணுமா?

தந்தால் நல்லது. நம் பக்கத்தில் பிள்ளையின் பெயர் தகப்பன் பெயரோடு போகும். தாயின் பாஸ்போட்டில் அவளுடைய அப்பா பெயர் இருக்கும். குடிவரவு மேசையில் இருப்பவர் இரண்டு புத்தகத்தையும் விரித்துப் பார்த்தால் ஒரு எழுத்துகூடப் பொருந்தாது. "இந்தப் பிள்ளை உங்களுக்கு யார்?" என்று கேட்பது அவர் வேலை. கேட்டுவிட்டார்களே என்று பதற வேண்டாம், கோபமும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை எடுத்து நீட்டுங்கள்.

கடிதத்தில் பெரிய கதை எதுவும் வேண்டாம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போட் இலக்கம், யாரோடு எங்கே எந்தத் தேதிக்குப் போகிறது, எங்கே தங்கும், எனக்குச் சம்மதம், என் தொலைபேசி இலக்கம். இங்கே இருக்கும் தகப்பன் என்றால் சட்டத்தரணியிடமோ சமாதான நீதவானிடமோ உறுதிப்படுத்தலாம். தகப்பனின் பாஸ்போட் கொப்பி ஒன்றையும் சேர்த்துக் குத்திவையுங்கள். இந்தக் கடதாசிகள் எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல. எழுதவே தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் பெட்டியில் வைத்துப் பூட்டி அனுப்பியவர்கள் உண்டு.

மகளே, தாய் தகப்பன் ரெண்டு பேருமே அங்க. பேரப்புள்ளயக் கூட்டிட்டுப் போறது நான். எனக்கும் இதேதானா?

இதேதான் அம்மா, ஆனால் இன்னும் கண்டிப்பாக. இருவரின் கையெழுத்தும் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் உறுதியும் கடிதத்தில் வேண்டும். நீங்கள் பாட்டி என்று காட்ட மகளின் (அல்லது மகனின்) பிறப்புச் சான்றிதழும் பேரப்பிள்ளையின் சான்றிதழும் இரண்டும் கையில் இருக்கட்டும். பயணம் முடிவதற்குள் அவர்கள் போனை ஓஃப் பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

ஹட்டன்ல இருந்து எறங்குறதுக்குள்ளயே எம்புள்ள மூணு தடவ வாந்தி எடுக்கும். எப்படி ஏர்போட் வரைக்கும் கொண்டுபோறது?

எல்லோரும் விமானத்துக்குப் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தில் கஷ்டமான துண்டு கினிகத்தேனை வளைவுகள்தான். ஹட்டனிலிருந்து கித்துல்கல, அவிசாவளை, கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறி கெரவலப்பிட்டிய வழியாகக் கட்டுநாயக்க. நான்கைந்து மணி நேரம் பிடிக்கும், மழை என்றால் கணக்கே இல்லை. நுவரெலியாக்காரர்களுக்கு ரம்பொடை வளைவுகள், பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு இதைவிடத் தூரம்.

முதல் நாளே இறங்கிவிடுங்கள். வத்தளையிலோ நீர்கொழும்பிலோ சொந்தம் இல்லாத மலையகக் குடும்பம் குறைவு. ஒரு ராத்திரி அங்கே படுத்தால் பிள்ளைக்கு வயிறு அடங்கும், கீழ்நாட்டுச் சூடும் பழகும். பாதை விஷயத்தில் விளையாடக் கூடாது. மழை பலத்தால் மண் சரியும், 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகப் பாதைகள் எப்படி அறுந்து கிடந்தன என்று எல்லோரும் பார்த்தோம். மழைக் காலத்தில் இரண்டு நாள் முன்பே போனாலும் தப்பில்லை.

புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு, பால் வேண்டாம். காய்ந்த ரொட்டித் துண்டு, கிரீம் கிரக்கர் போதும். வேனில் முன்பக்கமாகப் பார்த்து உட்கார வையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள். வளைவில் போன் பார்த்தால் பெரியவர்களுக்கே குமட்டும். காலையில் போட்ட சுவெட்டரையும் தொப்பியையும் யட்டியாந்தோட்டை தாண்டுவதற்குள் கழற்றிவிடுங்கள். பாதி அழுகை புழுக்கத்தினால் வருவது. ஆனால் அந்தச் சுவெட்டரைப் பெட்டியில் போடாதீர்கள், விமானத்துக்குள் நுவரெலியா டிசம்பர் மாதிரிக் குளிரும்.

பிளேன்ல காது அடைக்குமாமே. சின்னப் புள்ளைக்குக் காது வெடிச்சிராதா?

வெடிக்காது. உங்கள் பிள்ளைக்கு இது பழக்கமான விஷயம்தான். விமானம் 10 கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை ஏறக்குறைய 1800 முதல் 2400 மீற்றர் உயரத்து மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். நுவரெலியா 1868 மீற்றர். ஹோர்ட்டன் சமவெளி 2100க்கு மேல். அதாவது மேலே போய்ச் சேர்ந்த பிறகு உள்ளே இருப்பது நம்ம ஊர்க் காற்றுதான், கொஞ்சம் காய்ந்த காற்று.

தொல்லை இறங்கும்போது. கினிகத்தேனையிலிருந்து இறங்கும்போது காது 'டப்'பென்று அடைத்து, எச்சில் விழுங்கினால் திறக்கிறதல்லவா, அதேதான். ஹட்டனிலிருந்து அவிசாவளைக்குச் சுமார் 1200 மீற்றர் இறக்கத்தை நாம் இரண்டு மணி நேரத்தில் இறங்குகிறோம். விமானத்தில் அதைவிடக் கூடுதலான இறக்கம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஒடுக்கமானது, அதனால் வலிக்கும். விழுங்க வைப்பதுதான் மருந்து. தாய்ப்பால், பால் போத்தல், சூப்பி, ஸ்ட்ரோவில் தண்ணீர், எது சரிவருகிறதோ அது.

தரையிறங்குகிறோம் என்று கேப்டன் அறிவிக்கும்போது போத்தலைத் தயாராக எடுங்கள். ஆனால் உடனே முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். நான் முதல் தடவை அந்தத் தப்பைச் செய்தேன். அவன் ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தான், காது அடைத்தபோது கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, சக்கரம் தரையைத் தொடும் வரைக்கும். பிள்ளை தூங்கினால் மெதுவாக எழுப்புங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. அழுதாலும் பயப்பட வேண்டாம், அழும்போதும் காது திறக்கும்.

சளி புடிச்சிருக்கு. போலாமா?

சாதாரண மூக்கொழுகல் என்றால் போகலாம், மூக்கைச் சுத்தம் செய்ய உப்புநீர்ச் சொட்டு வைத்துக்கொள்ளுங்கள். காது வலி, காதில் சீழ், காய்ச்சல், மூச்சு இழுப்பு இருந்தால் டொக்டரிடம் காட்டாமல் ஏறாதீர்கள். சுகாதாரப் பதிவுப் புத்தகத்தின் கொப்பியையும் எடுங்கள். இங்கே சின்னமுத்துக்கான எம்எம்ஆர் ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். போகும் நாட்டில் அட்டவணை வேறு, அங்கே இதைக் கேட்பார்கள்.

பினர்கன் கொஞ்சம் குடுத்தா விடிய விடியத் தூங்குமாம், எங்க பக்கத்து வீட்டுல சொன்னாங்க.

கொடுக்காதீர்கள். பினர்கனில் இருக்கும் ப்ரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளுக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடியது. அந்த வயதுக்குக் கொடுக்கவே கூடாத மருந்து அது. பிரிட்டோனையும் தூக்கத்துக்கென்று கொடுக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்துகள் தலைகீழாக வேலை செய்து, தூங்குவதற்குப் பதிலாகப் பேய் பிடித்ததுபோல ஆட வைக்கும். 35,000 அடி உயரத்தில், தனியாக, அதைச் சமாளிக்க வேண்டியது நீங்கள். பரசிட்டமோல் சிரப் வைத்துக்கொள்ளலாம், அளவைப் பிள்ளையின் எடைக்கு டொக்டரிடம் எழுதி வாங்கி போத்தலிலேயே ஒட்டிவையுங்கள்.

தண்ணிப் போத்தலையே உள்ள விடமாட்டாங்களாம். அப்ப புள்ளைக்குப் பால், சோறு?

கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கூடாது என்ற சட்டம் பெரியவர்களுக்கு. பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தைப் பால், கொதித்தாறிய தண்ணீர், குழந்தை உணவு இதற்கு விலக்கு. பையிலிருந்து வெளியே எடுத்துத் தட்டில் வைத்து "பேபி மில்க்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். சுலபமான வழி, பால்மாவை வேளைக்கு ஒன்றாக அளந்து சின்ன டப்பாக்களில் போட்டுக்கொண்டு, தண்ணீரை உள்ளே வாங்குவது. சுடுதண்ணீர் விமானத்தில் கேட்டால் தருவார்கள். கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள், எனவே ஆறிய தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குச் சமபோஷ தானிய மாவைப் போல ஒன்று வேறில்லை. கொஞ்சம் சீனி, சுடுதண்ணீர், உருண்டை. கையில் பிடித்துத் தானே சாப்பிடும், சிந்தினால் துடைத்துவிடலாம். குழந்தைச் சாப்பாட்டுக்கு விமானத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். என் மகன் அதில் இருந்த பன்னை மட்டும் தின்றான்.

இறங்கும் இடத்தில் வேறு சட்டம். பிரித்தானியாவுக்கு நம் நாட்டிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக முடியாது. குழந்தைப் பால்மாவுக்கும் குழந்தை உணவுக்கும் மட்டும் 2 கிலோ வரை விலக்கு, அதுவும் கடையில் வாங்கிய பைக்கட்டாக, குளிரூட்டி தேவைப்படாததாக இருக்க வேண்டும். அவுஸ்திரேலியா என்றால் சாப்பிடும் பொருள் எதுவானாலும் வருகைப் பயணி அட்டையில் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம். மாமியார் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

கைப்பையில என்னென்ன வைக்கணும்?

பெம்பர்ஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதன்மேல் ஐந்து. நான் முதல் தடவை கையில் ஆறு வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டேன். புறப்பாடே மூன்று மணி நேரம் தாமதம். கடைசி ஒரு மணி நேரம் என் மகன் விமானத் துவாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு லண்டனில் இறங்கினான்.

பிள்ளைக்கு இரண்டு மாற்று உடுப்பு, உங்களுக்கு ஒரு மேல்சட்டை. இதை எல்லோரும் மறக்கிறார்கள், வாந்தி விழுவது உங்கள்மேல்தானே. காலி சொப்பிங் பேக் நாலைந்து, ஈரத் துடைப்பான், பிள்ளை வழக்கமாகப் பிடித்துத் தூங்கும் துணி, அழுக்காக இருந்தாலும் துவைக்காமல். மணம்தான் அதற்கு வீடு. பவர் பேங்க் வைத்திருந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது.

விளையாட்டுச் சாமான் நிறைய வேண்டாம். என் கடையிலிருந்து கலர் டேப் ஒரு ரோல் எடுத்துப் போனேன், கடதாசி டேப். முன்சீட்டு மேசையில் துண்டு துண்டாக ஒட்டிவிட்டேன், அவன் உரித்தான். மறுபடி ஒட்டினேன், மறுபடி உரித்தான். அதன்பின் பணிப்பெண் கொடுத்த இரண்டு கடதாசிக் கப், ஒரு கரண்டி. கடையில் 1500 ரூபாய் கொடுத்து வாங்கிய சத்தம் போடும் பொம்மையைத் தொடவே இல்லை.

எனக்குப் பாத்ரூம் வந்தா என்னா பண்றது?

இதைக் கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். தாழ்த்தத் தேவையில்லை, முக்கியமான கேள்வி. பணிப்பெண்ணிடம் கேளுங்கள். பரபரப்பாகச் சாப்பாடு கொடுக்கும் நேரம் தவிர மற்ற வேளையில் பெரும்பாலும் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்வார்கள். அவர்களால் முடியாது என்றால் பக்கத்தில் பிள்ளை பெற்ற ஒரு அம்மா கட்டாயம் இருப்பாள். இல்லையா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டே போங்கள். இடம் சிறியது, ஆனால் முடியும். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். காற்று காய்ந்தது, பால் கொடுக்கும் தாய் என்றால் தலை சுற்றும்.

விடாம அழுதா மத்தவங்க திட்டமாட்டாங்களா?

ஒருவர் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நம் ஊர் பஸ்ஸில் பிள்ளை அழுதால் முன்சீட்டு அம்மா கையை நீட்டி வாங்கிக்கொள்வார், விமானத்தில் பெரும்பாலும் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எழுந்து பின்பக்கம் போய், பணிப்பெண்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தோளில் போட்டு ஆட்டுங்கள். எஞ்சின் இரைச்சலில் பாதி அழுகை கேட்காது.

எனக்கு இங்கிலீஷ் சரியா வராதே, அக்கா.

எனக்கும் அன்று வரவில்லை. "ஹொட் வோட்டர் ப்ளீஸ்", "பேபி பெல்ட் ப்ளீஸ்", "கேன் யு ஹெல்ப் மீ", இந்த மூன்றும் போதும். போகுமிடத்து விலாசமும் அழைக்க வருபவரின் போன் இலக்கமும் இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதி பாஸ்போட்டுக்குள் வையுங்கள். என்னிடம் வந்தால் டைப் பண்ணித் தருகிறேன், 20 ரூபாய். குடிவரவு மேசையில் மொழி புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள், "தமிழ்" என்று சொல்லுங்கள். பெரிய விமான நிலையங்களில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள்.

நடுவுல பிளேன் மாறணுமாம். டைம் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. போதுமா?

தனி ஆளுக்குப் போதும், கைப்பிள்ளைக்காரிக்குப் போதாது. மூன்று, நான்கு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டைப் பாருங்கள். கனடா போகிறவர்களுக்கு முதல் துண்டு ஐந்து மணி நேரம், இரண்டாவது 14 மணி நேர அளவு. நடுவில் பிள்ளை ஓடி ஆடினால்தான் இரண்டாவதில் தூங்கும். பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா என்று கட்டுநாயக்கவில் கவுண்டரிலேயே கேட்டு, ஒட்டும் துண்டில் அந்த ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தள்ளுவண்டியை விமான வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஒப்படைக்கலாம். திரும்ப எங்கே கிடைக்கும் என்பதை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறங்கும் வாசலில் தருவார்கள் என்று நம்பி நான் நின்றேன், அது நேரே டொரொண்டோவுக்குப் போய்விட்டது. 13 கிலோ பிள்ளையோடும் பையோடும் அந்த நீளமான கட்டிடத்தை நடந்து கடந்தேன். நல்ல வேளை, சேலைத் துண்டு ஒன்று இருந்தது. அம்மாமார் கொழுந்துக் காட்டில் பிள்ளையைக் கட்டியதுபோல முதுகில் கட்டிக்கொண்டேன். இப்போது யார் கேட்டாலும், வண்டி இருந்தாலும் ஒரு துண்டை எடுத்துப் போங்கள் என்கிறேன். விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் மட்டும் அதை அவிழ்க்கச் சொல்வார்கள்.

போய் எறங்கினா ராத்திரி பூரா முழிச்சிருக்குமாமே?

இருக்கும். லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் (அவர்கள் கோடையில் நாலரை), டொரொண்டோ பத்தரை அல்லது ஒன்பதரை. அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு இவர்களுக்கு விளையாட்டு நேரம். விளக்கைப் போடாமல், டிவி போடாமல், கொஞ்சம் சாப்பாடு கொடுத்துப் படுக்க வையுங்கள். பகலில் வெளியே வெளிச்சத்தில் கொண்டுபோங்கள். லண்டனில் மூன்று, நான்கு நாளில் சரியானது, கனடாவில் ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. அந்த வாரம் விருந்துக்குக் கூப்பிடும் சொந்தக்காரர்களிடம் பிறகு வருகிறோம் என்று சொல்லிவிடலாம்.

நான் இப்ப ஏழு மாசம், மூத்தது ரெண்டு வயசு. போலாமா?

ஒற்றைக் கர்ப்பம் என்றால் பெரும்பாலான விமானங்கள் 28 வாரத்துக்குப் பிறகு டொக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றாது. திரும்பும் தேதியையும் அதில் கணக்குப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், காலில் இரத்தம் கட்டும் ஆபத்து கர்ப்பத்தில் கூடுதல். சட்டப்படி போகலாம்தான், ஆனால் என் தங்கச்சி கேட்டிருந்தால் போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

எனக்கு ரெட்டப்புள்ள, ஒம்பது மாசம். ரெண்டையும் மடியில வச்சிக்கலாமா?

முடியாது. ஒரு பெரியவருக்கு ஒரு மடிப்பிள்ளைதான். மற்றதற்குச் சீட்டு வாங்கி, அந்த நிறுவனம் ஏற்கும் கார் சீட்டில் கட்ட வேண்டும். ஒட்சிசன் முகமூடியும் ஒரு வரிசைக்குக் கணக்காகத்தான் கூடுதலாக இருக்கும், அதனால் மடிப்பிள்ளைக்காரர்கள் இரண்டு பேரை ஒரே பக்கத்தில் உட்கார வைக்கமாட்டார்கள். இரட்டையோடு தனியாகப் போவதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. கூட ஒருவரைக் கூட்டிப் போக வழி பாருங்கள்.

ஏர்போட் உள்ள வரைக்கும் யாராவது கூட வரலாமா?

பரிசோதனைக்கு அப்பால் யாரும் வர முடியாது. அழுதுகொண்டு நிற்கும் அம்மாவையும் பாட்டியையும் விட்டுவிட்டு உள்ளே நுழைந்த பிறகு, பாஸ்போட் எடுப்பது, பெல்ட்டில் பையைத் தூக்கி வைப்பது, பிள்ளையை இறக்கி ஏற்றுவது எல்லாம் ஒரே கையால். அதனால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பையைக் கட்டி முதுகில் மாட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) படிக்கட்டைக் கீழேயிருந்து மேலே வரைக்கும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். பாதியிலேயே மூச்சு வாங்கினால், அங்கேயே உட்கார்ந்து பையைத் திறந்து இரண்டு சாமானை வெளியே எடுத்துவிடுங்கள்.